ஈரல் டீச்சரின் நாற்பத்தேழு

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மனிதர்களைத் தெருவால் அடையாளம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. பட்டப்பெயரால் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஈரலால் அடையாளம் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரை நாங்கள் ஈரல் டீச்சர் என்போம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியவர் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் குடையுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். அவருடைய அம்மா ஏற்கனவே நர்ஸாக இருந்து ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்துவிட்டார். மிச்சமிருந்த பட்டம் டீச்சர் என்பதால் அதை இவருக்குக் கொடுத்துவிட்டோம்.

உண்மையில் அவர் விஞ்ஞானி. மஞ்சள் காமாலைக் கிருமிகளில் ரத்தத்தின் வழியாக வரும் ஒரு வகை, ஈரலில் போய்க் குடியேறிவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் ஆயுசு முழுக்க இருக்கும். மலேரியாக் கிருமியும் கொசு கடித்ததும் நேரே ஈரலுக்குத்தான் போகிறது. இந்த இரண்டு விருந்தாளிகளையும் ஒருவன் உடம்பு ஏன் அடித்து விரட்டுகிறது, இன்னொருவன் உடம்பு ஏன் பாய் விரித்து உட்கார வைக்கிறது என்பதுதான் டீச்சரின் ஆராய்ச்சி. வெளிநாட்டில் பல வருஷம் அதைச் செய்தார். அவர் கண்டு எழுதியதை மற்ற விஞ்ஞானிகள் இன்றும் எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள் என்று கேள்வி. பிறகு, இந்த வியாதி இருக்கிற இடத்தில் இருந்துதான் அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெரிய பிரிட்ஜோடு சிவகாசிக்கே திரும்பி வந்துவிட்டார். எங்கள் ஊரில் அவருக்கு ஆராய்ச்சிக்காகப் பெயர் வரவில்லை. தொண்டைக்காக வந்தது.

டீச்சருக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் என்று அவர் ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற திருவில்லிபுத்தூர் வண்டி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார். கோயிலில் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவருடைய ஆமென் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருக்கும். இந்தத் தொண்டையோடு அவர் தெர்மாகோல் ஐஸ் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவார். ஒருநாள் புதுக் கண்டக்டர் ஒருவர், மீன் கொண்டுபோனால் லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். "மீனில்ல, ரத்தம்" என்று டீச்சர் பதில் சொன்னார். பஸ்ஸின் முன்பாதி பின்பாதிக்குப் போனது. டீச்சர் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டார். கண்டக்டர் சாத்தூர் வரைக்கும் அந்தப் பக்கம் வரவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது அச்சகத்தில். நான் அப்போது ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூப் ரீடர், இப்போதும் அதே நாற்காலிதான். காலண்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு நடப்பு வருஷம் என்பது கிடையாது. ஊர் ஆடி மாதத்தில் இருக்கும்போது நாங்கள் அடுத்த வருஷத்துப் பங்குனியில் இருப்போம். அப்படி ஓர் ஆடியில், அடுத்த பங்குனி முகூர்த்த நாட்களை நான் திருத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார். அவருக்கு ரத்தப் பரிசோதனை அட்டையும் தடுப்பூசி அட்டையும் அடிக்க வேண்டும். நான் வழக்கம்போலப் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் என்று வரிசையாகப் போட்டு புரூப் கொடுத்தேன். என் கையில் இருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூன்றையும் அடித்தார்.

"பேரு வேண்டாம். நம்பரு போதும்."

"பேரில்லாம அட்டை எப்பிடி டீச்சர்?"

"எனக்குப் பேரு ஞாபகத்துல நிக்காது."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. மாவட்டத்தில் ஓடிய எல்லா பஸ்களிலும் அவருடைய குடை ஒன்று இருந்தது. ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் கோயில் செருப்புமாக அவர் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுத்தவர்களை அனேகமாக நம்பரால்தான் கூப்பிடுவார். போதகரை நடுத்தெருவில் நிறுத்தி, "பதினெட்டு, ராத்திரி ஒறக்கம் வருதா?" என்று கேட்பார். பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவருக்கு அறுபது என்று பெயர். அறுபதின் பெண்டாட்டி அறுபத்தொன்று. அவர்கள் மகன் ரத்தம் கொடுக்கும்போது நடுவில் வேறு ஆள் புகுந்துவிட்டதால் அவனுக்கு எழுபத்திரண்டு. அந்த வருத்தம் அந்தக் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது.

டீச்சர் தொலைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டிச் சாவி தொங்கும். பெட்டியில் வெளிநாட்டுத் தங்கம் இருப்பதாக ஊரில் பேச்சு. சாவியைப் பற்றி யார் கேட்டாலும் டீச்சர் அவர்களுடைய நம்பரைக் கேட்பார். நம்பர் இல்லாதவர்கள் ரத்தம் கொடுக்க வேண்டி வரும் என்று போய்விடுவார்கள்.

சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசு ஆலை. டீச்சர் முதன்முதலில் ரத்தம் எடுக்கப் போனது அங்கேதான். பட்டாசு ஆலை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. செருப்பு கூடாது, இரும்பு கூடாது, செல்போன் கூடாது. ஒரு பொருளை இன்னொரு பொருள் மேல் உரசினால் போர்மேன் ஓடி வருவார். இப்பேர்ப்பட்ட இடத்தில் டீச்சர் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் மிஷின் ஒன்றை வராந்தாவில் வைத்து பேட்டரியில் மாட்டினார். அது முதலில் விர்ரென்றது, பிறகு ஊளையிட்டது. எல்லா அறைகளில் இருந்தும் சனங்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, வெள்ளிப் பவுடர் ஒட்டிய கைகளோடு வரிசையாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த பயிற்சி அப்படி. கடைசியில் போர்மேன் மட்டும் கும்பிட்ட கையோடு நின்றார்.

"தாயி, ஒங்களுக்கு எம்புட்டு ரத்தம் வேணும்னாலும் நான் ஒருத்தனே தாரேன். அத மட்டும் நிப்பாட்டுங்க."

டீச்சர் நிறுத்தினார். அதன் பிறகு மிஷின் கேட்டுக்கு வெளியே ரொம்ப தூரம் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் வைக்கப்பட்டது. போர்மேன் ஜென்மத்துக்கும் அந்த மரத்தை விட்டு விலகித்தான் போவார். அவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் முக்கியமான ஆள். எனக்குப் பேசி முடித்திருந்த பெண் முத்துச்செல்விக்கு அவர்தான் பெரியப்பா.

எங்கள் அச்சகத்திலும் டீச்சர் ரத்தம் எடுத்தார். எனக்கு நாற்பத்தேழு வந்தது. பத்து நாள் கழித்து அவர் நேரே என் மேஜைக்கு வந்து, "ஏலே, வெளிய வா" என்றார். என்னை மிஷின் ஹாலுக்குக் கூட்டிப்போய், பேப்பர் ரீம்களுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மெஷின்மேன் கருப்பசாமியிடம் மிஷினை ஓடவிடச் சொன்னார். அதில் அப்போது வேலையே இல்லை. சும்மா எதற்கு ஓட்ட வேண்டும் என்று கருப்பசாமி கேட்டான். டீச்சர் பார்த்த பார்வையில் ஓட்டினான்.

அந்த இரைச்சலில் டீச்சர் என் காதருகே குனிந்து எதையோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டது. என் ரத்தத்தில் அந்தக் காமாலைக் கிருமி இருந்தது. அனேகமாகப் பிறக்கும்போதே வந்திருக்கும் என்றார். சேதி பெரிய சேதிதான். ஆனாலும் எனக்கு அன்று முதலில் தோன்றியது வேறு. இந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியும். அதை எனக்காகச் செலவழித்திருக்கிறார்.

பிறகு எனக்கு ஈரலை விளக்கினார். அவர் விளக்கம் எப்போதும் பட்டாசு ஆலையை வைத்துத்தான் இருக்கும். ஈரலும் தனித்தனி அறைகள்தான். கிருமி ஓர் அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுபாட்டுக்குச் சும்மா இருந்தால் பெரிய சேதம் இல்லை. அதைப் பிடிக்கப் போகிற நம் ஆட்கள்தான் ஆத்திரத்தில் அறையையே இடித்துவிடுகிறார்கள்.

"காமாலையில ஈரலக் கெடுக்குறதுல பாதிக்கு மேல நம்ம காவக்காரன்தாம்லே. இப்போதைக்கு ஒன் காவக்காரன் ஒறங்குறான். ஒறங்கட்டும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து ரத்தம் குடு, அவன் முழிச்சா நான் பாத்துக்கிடுதேன்."

கூட உட்கார்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தால் ஒட்டாது என்றார். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு ஒட்டும். அவளுக்கு மூன்று தடுப்பூசி போட்டால் ஒட்டாது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது.

தம்ளர் என்றதும் எனக்கு போர்மேன் பெரியப்பா ஞாபகம் வந்தார். அதற்கு முந்தின வருஷம் அவருடைய ஆலையில் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. போர்மேன் அவளுக்கென்று தனித் தம்ளர் வாங்கி, அதில் ஆணியால் கோடு போட்டு, தண்ணீர்ப் பானைக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அந்தப் பெண் ஒரு வாரம் அதில் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டது. எனக்கு இருப்பது அவருக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். நின்றதோடு போகாது, ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். அய்யாவும் அம்மாவும் தீப்பெட்டி ஒட்டி என்னைப் படிக்க வைத்தவர்கள். அவர்கள் வீட்டுத் தம்ளரிலும் கோடு விழும்.

யாரிடமும் சொல்லாமல் கல்யாணத்தை முடித்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லணும். சொல்லாமத் தாலி கட்டுனா நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லுவேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் வெறும் மிரட்டல். டீச்சர் சொன்னால் அது பொது அறிவிப்பு. ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போனேன்.

முத்துச்செல்வி அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் நிஜமாகவே டீச்சர். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே காரச்சேவுக் கடைப் பக்கம் நின்று பேசினோம். நான் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம், ஈரலின் அறைகள், காவல்காரன் உறக்கம் உட்பட ஒப்பித்தேன். அவள் கையில் இருந்த சேவுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. நான் முடித்ததும் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஊசி எத்தன?"

"மூணு."

"எங்க பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம்." பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினாள். "நீங்க சொல்லாம இருந்து பெறகு தெரிஞ்சிருந்தா நான் ஒங்கள விட்டுருப்பேன். சொல்லிட்டீக. எடுத்துக்கோங்க."

ஒரே பொட்டலத்தில் இரண்டு பேரும் சேவு சாப்பிட்டோம். அன்று காரம் அதிகம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை.

இப்போது சிக்கல் வேறு விதமாக வந்து நின்றது. நிச்சயம் ஆவணியில். கல்யாணத்தைத் தையில் வைக்க வேண்டும் என்பது போர்மேன் பெரியப்பாவின் ஆசை. தடுப்பூசிக்கு ஆறு மாதம் வேண்டும். கல்யாணம் பேசிய பெண்ணைத் தனியாகக் கூட்டிப்போய் ஊசி போட்டால், போடுகிறவர் ஈரல் டீச்சர் என்று தெரிந்தால், ஏன் என்ற கேள்வி ஒரே பஸ்ஸில் சிவகாசி வந்துவிடும். நான் டீச்சரிடம் போய்க் கையைப் பிசைந்தேன். அவர் ஒரு நாள் யோசித்தார்.

"ஒருத்தருக்குப் போட்டாத்தான் பேச்சு வரும். எல்லாருக்கும் போட்டா அது விசேசம்."

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுப் பந்தலில் தாம்பூலத் தட்டுகள் இறங்கிய அதே நேரத்தில் டீச்சரும் இறங்கினார். ஒரு கையில் ஐஸ் பெட்டி. பின்னால் சுகாதார நிலையத்து நர்ஸ். நர்ஸ் கையில் நான் அடித்துக் கொடுத்த தடுப்பூசி அட்டைகள் ஒரு கட்டு. போர்மேன் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அந்த மிஷின் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை, ஊசி மட்டும்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த நிம்மதியில் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று பார்க்காமலே சம்மதித்துவிட்டார். காமாலை வராமல் தடுக்கும் ஊசி, ரெண்டு வீட்டாருக்கும் இலவசம், மூன்று தவணை என்று டீச்சர் பந்தலுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து அறிவித்தார்.

ஒருவரும் அசையவில்லை. ஊசி என்றால் எங்கள் சனங்களுக்கு எப்போதும் அடுத்தவருடைய கைதான் நல்லது. டீச்சருடைய ஆராய்ச்சிக்கே இதுதான் பெரிய தலைவலி. முதல் ஊசிக்கு வந்தவர் இரண்டாம் ஊசிக்கு வரமாட்டார், மூன்றாம் ஊசிக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரமாட்டார். நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி வருவார்? டீச்சர் அட்டைக்கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்தார்.

"ஒண்ணாம் நம்பரு யாருக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு விசேஷ வீட்டில், அத்தனை சொந்தமும் கூடியிருக்கிற பந்தலில், ஒன்றாவது யாருக்கு என்று ஒருவர் கேட்டால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருள்தான். போர்மேன் பெரியப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து சட்டைக் கையைச் சுருட்டினார். முதல் மரியாதையை அவர் வாங்கிக்கொண்டார். ஊசி ஏறும்போது அவர் முகத்தில் ஓர் அசைவு இல்லை.

அதன் பிறகு கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. பெரியப்பாவுக்கு ஒன்று என்றால் சித்தப்பாவுக்கு இரண்டு வர வேண்டும். வந்தது. சம்பந்தமே இல்லாத பந்தல்காரர் மூன்றை வாங்கப் பார்த்தார், இழுத்து விட்டார்கள். இந்த நெருக்கடியில் பெண்ணின் தாய்மாமனுக்கு ஒன்பது வந்துவிட்டது. அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தாய்மாமனுக்கு ஒன்பது கொடுத்த பந்தலில் தனக்கு என்ன வேலை என்று பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். பெண் வீட்டுக்காரர்கள் அவர் காலைப் பிடிக்காத குறை. என் நிச்சயதார்த்தம் ஓர் அட்டையால் நிற்கப்போகிறது என்று நான் நினைத்தேன்.

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அறிவியலில் இதெல்லாம் சகஜம் என்பதுபோல மூன்று கலர் பென்சில் எடுத்தார். பெரியப்பா வகையறாவுக்குச் சிவப்பு, தாய்மாமன் வகையறாவுக்குப் பச்சை, மாப்பிள்ளை வீட்டுக்கு நீலம். ஒவ்வொரு கலரிலும் ஓர் ஒன்றாம் நம்பர். தாய்மாமன் பச்சை ஒன்றைப் பெற்றுக்கொண்டு வேட்டியை இறக்கிவிட்டார். எங்கள் அய்யா நீலம் ஒன்று. வாழ்க்கையில் அவர் எதிலும் ஒன்றாவதாக வந்தது அதுதான். ரொம்ப நாள் அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

இந்தக் களேபரத்தின் நடுவில் சிவப்புப் பதினாலு என்று ஓர் அட்டை போனது. முத்துச்செல்வி சேலையைச் சற்றே ஒதுக்கிக் கையை நீட்டினாள். அவள் கையில் ஊசி ஏறியதை என்னையும் டீச்சரையும் தவிர யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அவரவர் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஊசி இனிப் பிரயோஜனம் இல்லை. டீச்சர் என் கையில் ஒரு பஞ்சை மட்டும் கொடுத்து, அதை வைத்து அமுக்கிக்கொண்டு வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு நான் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, புரட்டாசியில், அத்தனை பேரும் இரண்டாம் ஊசிக்கு வந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லை. வராவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பியிருந்தது. கிளப்பியது யாரென்று நான் சொல்லமாட்டேன். புரூப் ரீடர் பிழையைத் திருத்தத்தான் வேண்டும், எல்லா இடத்திலும் அல்ல. மூன்றாம் ஊசி மாசியில் என்றதும் பெரியப்பாவே கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். ஒன்றாம் நம்பர்காரர் இல்லாமல் ஊசி நடக்காது, சொந்தமெல்லாம் அதற்காக எப்படியும் கூடும், கையோடு அடுத்த மாதம் கல்யாணத்தையும் வைத்துக்கொள்வோம் என்றார். பங்குனி முகூர்த்தங்கள் எல்லாம் எனக்கு ஆடியிலேயே மனப்பாடம். நல்ல வளர்பிறை நாளாக ஒன்றைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு டீச்சர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்கே யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று விசாரிப்பார். கலர் பென்சிலோடுதான் ஊருக்குள் போவார். இந்த முறையை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு எழுதிப் பார்த்தாராம். தாய்மாமன் என்ற இடத்தில் அவர்களுக்குப் புரியாமல் போய்விட்டது.

எங்களுக்கு மகள் பிறந்தாள். டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்து, பிறந்த அன்றே போட வேண்டிய ஊசியைப் பக்கத்தில் நின்று போடவைத்துவிட்டு, பிள்ளையை உற்றுப் பார்த்து, "நல்ல ஈரல்" என்றார். வேறு யாரும் என் மகளை முதலில் அப்படிப் பாராட்டவில்லை. முத்துச்செல்வியின் ரத்தத்தை வருஷா வருஷம் அவரே பார்த்தார். கிருமி இல்லை. என் காவல்காரன் ஒரு தடவை புரண்டு படுத்தான், டீச்சர் மாத்திரை கொடுத்து மறுபடி அமைதியாக்கினார். போர்மேன் பெரியப்பா என் வீட்டில் வந்து எங்கள் தம்ளரில் தண்ணீர் குடிப்பார். குடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒன்று கனக்கும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டீச்சர் மட்டும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், கோயில் வாசல் என்று எங்கே பார்த்தாலும், என் நம்பரைச் சொல்லாமல், "ஏலே, ஆறு மாசம் ஆச்சா?" என்று கத்துவார். ஏதோ சீட்டுத் தவணை என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

போன தைக்குப் பிறகு டீச்சர் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு மதுரைக்குக் குடிபோனார். கிளம்புவதற்கு முன் கடைசி அறிக்கையை அச்சடிக்க எங்களிடம் வந்தார். அவர் கழுத்தில் சிலுவை மட்டும்தான் இருந்தது. சாவியைக் காணவில்லை. அதையும் தொலைத்துவிட்டாரா என்று கேட்டேன். பெட்டியில் இருந்தது ஒரே ஒரு நோட்டாம். எந்த நம்பர் எந்த ஆள் என்று எழுதியிருந்த நோட்டு. வேலை முடிந்தால் அதை வைத்திருக்கக் கூடாது என்பதால் காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம்.

"அப்ப இனிமே நான் யாருன்னு ஒங்களுக்கே தெரியாது, டீச்சர்" என்றேன், விளையாட்டாக.

டீச்சர் என் பெயரைச் சொன்னார். அய்யாவின் பெயரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். பிறகு மூச்சு விடாமல் அறுபது யார், அறுபத்தொன்று யார், பதினெட்டுக்கு அம்மா எந்த ஊர் என்று ஆரம்பித்து, வியாதி விவரத்துக்கு வரும் முன்பு நிறுத்திக்கொண்டார். மிஷின் ஓடாத நேரத்திலும் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"ஏலே, என் வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? பேரச் சொல்லிக் கூப்ட்டுப் பளகுனா ஒருநாளு பேரோட வியாதியும் சேந்து வந்துரும். அதான் நம்பரு."

இத்தனை வருஷம் அவரை ஞாபகமறதிக்காரர் என்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. டீச்சர் வழக்கம்போலக் குடையை என் மேஜையில் மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் அறிக்கையின் புரூப் வந்தது. பெரும்பகுதி இங்கிலீஷ், எனக்குப் புரியாத படங்கள். கடைசிப் பக்கம் மட்டும் ஊர்க்காரர்களுக்காகத் தமிழில் இருந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களின் படிவத்தில் கேட்டிருந்த ஒரு கேள்வி அதன் தலைப்பு: இந்த ஆராய்ச்சியால் விளைந்த பயன் என்ன? மற்ற விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டிய கணக்கு, பேசிய மாநாடு எல்லாவற்றையும் அங்கே போட்டிருக்கலாம். டீச்சர் இரண்டு வரி எழுதியிருந்தார்.

"நாற்பத்தேழாம் எண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவிக்கு இல்லை. மகளுக்கு இல்லை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்."

மூன்று தடவை படித்தேன். திருத்த எதுவும் இல்லை. சரிபார்த்தவர் புரூப்பின் அடியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் அச்சகத்து வழக்கம். நான் பேனாவை எடுத்து, பெயரை எழுதாமல், நாற்பத்தேழு என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மிஷின் ஹாலில் இருந்து கருப்பசாமி தாளை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டான். அன்று டீச்சர் ரீம்களுக்குப் பின்னால் என் காதில் என்ன சொன்னார் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவன். நான் உள்ளே போனேன். இரைச்சலில் அவன் கத்தினான்.

"யாருண்ணே இந்த நாப்பத்தேளு?"

"மிஷின நிப்பாட்டுலே" என்றேன். நிறுத்தினான். அங்கே பெரியவர் சின்னவர் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் அளவுக்கு வராவிட்டாலும், என்னால் முடிந்த சத்தத்தில், அது நான்தான் என்று சொன்னேன்.